பெண்டிரைவை எடுக்காத லேப்டாப்: நெல்லைச் சீமையின் ஒரு தொழில் வரலாறு

பாளையங்கோட்டை மார்க்கெட், வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் ரத வீதி என்று எந்தப் பக்கம் போனாலும், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய முறையீடு ஒன்று உண்டு. “அண்ணாச்சி, பெண்டிரைவ் எடுக்க மாட்டேங்கு.” லேப்டாப்புக்கு உயிர் இருக்கிறது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. புதிதாக ஓ.எஸ். போடலாம் என்று பெண்டிரைவைச் செருகினால் மட்டும் அது கண்டுகொள்வதில்லை. பழைய விண்டோஸிலேயே போய் நிற்கிறது, இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் காட்டிவிட்டு உறைந்துவிடுகிறது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது. பெண்டிரைவை மறுக்கும் ஒவ்வொரு லேப்டாப்பும், எங்கோ ஒரு நிறுவனம் எந்த வருடத்திலோ எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டே மறுக்கிறது. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, மாற்றுவழி கண்டுபிடித்து, கடைப்பையன்களுக்குத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தச் சின்னக் கடைக்காரர்கள். எழுதிவைக்க வேண்டிய தொழில் அது.

தாமிரபரணிக் கரையில் இந்தத் தொழில் வேர்விட்டதில் வியப்பில்லை. ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பெயரெடுத்த பாளையங்கோட்டையில் சேவியர் கல்லூரி 1923லிருந்து இருக்கிறது. திருநெல்வேலிக்கு 1981ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது, 1990ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. தட்டச்சு நிலையங்கள் தங்கள் பலகையில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்ட தொண்ணூறுகளில், பாகம் பாகமாக வாங்கி வந்து கோத்துக் கொடுக்கும் ‘அசெம்பிள்டு’ கணினிகள்தான் இங்கே விற்றன. கோத்தவர்தான் ஓ.எஸ்.ஸும் போட வேண்டும். அப்படித்தான் இந்த வேலை தனித் தொழிலானது.

அப்போது கையில் இருந்த கருவி ஃப்ளாப்பி. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலிருந்து வளர்ந்த முறை எளிமையானது. மின்சாரம் வந்ததும் கணினியின் தொடக்க நிரலான பயாஸ் விழித்து, வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால் அந்தத் துண்டு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வட்டுக்குப் போகும். யார் எழுதிய நிரல், எங்கிருந்து வந்தது என்றெல்லாம் பயாஸ் விசாரிக்காது. விண்டோஸ் 95 பதிமூன்று ஃப்ளாப்பிகளாகவும் கிடைத்தது. பன்னிரண்டாவது ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் அன்றைய உழைப்பு முழுக்க வீண்.

சி.டி.யிலிருந்து நேரடியாகக் கணினியைக் கிளப்பும் ‘எல் டொரிட்டோ’ என்ற வரைமுறையை ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர்கள் 1995 ஜனவரியில் வெளியிட்டார்கள். அது எல்லா மதர்போர்டுக்கும் வந்து சேரச் சில வருடம் ஆனது. அதுவரை விண்டோஸ் 98 போட, முதலில் ஒரு ஃப்ளாப்பியில் கிளப்பி, சி.டி. டிரைவைக் கணினிக்கு அறிமுகப்படுத்திவிட்டு, பிறகுதான் சி.டி.க்குப் போக வேண்டும். 2001ல் எக்ஸ்.பி. வந்தபோது சி.டி. மட்டுமே போதும் என்றானது. ஆனால் ‘ஏதாவது ஒரு விசையை அழுத்து’ என்ற வரி திரையில் தோன்றி சில நொடிகளில் மறைந்துவிடும். அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பியவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்தத் தொழிலின் ஒரு பக்கத்தை மறைப்பது நியாயமில்லை. கடைகளில் போடப்பட்ட விண்டோஸில் பெரும்பகுதி உரிமமில்லாத நகல். நாட்டில் பெரும்பாலான ஊர்களிலும் அதுதான் நிலை. இதற்கு மாற்று ஒன்றை அரசின் பக்கமிருந்து பெரிய அளவில் முயன்றது தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட். சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006, 2007 வாக்கில் அந்த நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் வந்தது. அதே 2007 ஜனவரியில், டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ வெளியானது. அரசுப் பள்ளி ஆய்வகங்களில் மாணவர்கள் லினக்ஸ் திரையைப் பார்த்ததும், கடைக்காரர்கள் லினக்ஸ் சி.டி.யைக் கையில் எடுத்ததும் இதன் தொடர்ச்சிதான்.

ஆனால் தொழிலைத் தலைகீழாக மாற்றிய நாள் 2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாளான அன்று ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. முதல் ஆண்டுக்கான கொள்முதலே 9.12 லட்சம். வாங்கும் பொறுப்பு எல்காட்டுக்கு. அடுத்தடுத்த ஆண்டுகளில் எச்.சி.எல்., லெனோவோ, ஏசர் என்று பல நிறுவனங்களின் கணினிகள் வந்தன. திட்டம் நிற்பதற்குள் எண்ணிக்கை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. அரசுப் பள்ளிகளோடு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் கொடுத்ததால், மிஷன் பள்ளிகள் நிறைந்த நெல்லைச் சீமைக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அதுவரை டிவியைத் தவிர வேறு திரை இல்லாத வீடுகளில் லேப்டாப் வந்து உட்கார்ந்தது.

ஒவ்வொன்றிலும் இரண்டு ஓ.எஸ். விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பதினேழு வயதில், கணினி என்றாலே விண்டோஸ் என்ற நினைப்பு ஊறுவதற்கு முன்பே, ஒரு பிள்ளைக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடைத்தது. குறை எங்கே என்றால், எதையாவது மாற்றப் போய்க் கோளாறானால் யாரிடம் கேட்பது என்பதற்கு ஏற்பாடு போதவில்லை. பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில். படித்ததோ தமிழ்வழியில். 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் போன்ற முயற்சிகள் கொஞ்சம் இட்டு நிரப்பின. மீதியை நிரப்பியவர்கள் கடைக்காரர்கள்.

2012ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு மின்வெட்டும் நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே, நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் அந்த ஆண்டில் வந்தன. பேட்டரி உள்ள லேப்டாப் அப்போது பெரிய வரம். ஆனால் ஓ.எஸ். போட்டுக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால், பாதி எழுதிய வட்டோடு கணினி நின்றுவிடும். அப்புறம் அது கிளம்ப, வெளியிலிருந்து ஒன்று வேண்டும். சி.டி. டிரைவ் இல்லாத மெல்லிய லேப்டாப்புகள் பெருகிவந்த காலம் அது. மிச்சமிருந்தது பெண்டிரைவ்.

யூ.எஸ்.பி. வரைமுறை 1996 ஜனவரியில் வந்தது. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் 2000ல் ‘தம்ப்டிரைவ்’ விற்றது. அதே ஆண்டு இறுதியில் ஐ.பி.எம். விற்ற முதல் பெண்டிரைவின் கொள்ளளவு 8 எம்.பி. பத்தே வருடத்தில் அது சி.டி.யின் இடத்தைப் பிடித்தது. ஆனால் சி.டி.க்குள் இருப்பதைப் பெண்டிரைவில் போட்டுவிட்டால் அது சி.டி. ஆகிவிடாது. கடைக்கு வந்த முதல் தலைமுறை முறையீடுகளில் பெரும்பகுதி இதுதான்: சி.டி.யின் முழு நகலான ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, அதை அப்படியே பெண்டிரைவில் காப்பி செய்து செருகியிருப்பார்கள். பயாஸ் முதல் 512 பைட்டைப் பார்க்கும், அங்கே எதுவும் இருக்காது, நகர்ந்துவிடும். யூநெட்பூட்டின், பிறகு பீட் பட்டார்ட் என்பவர் 2011ல் வெளியிட்ட ரூஃபஸ் போன்ற சின்ன மென்பொருள்கள்தான் இந்த வேலையைச் சரியாகச் செய்தன. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய லினக்ஸ் ஐ.எஸ்.ஓ.க்கள் சி.டி.க்கும் பெண்டிரைவுக்கும் பொதுவாகக் கட்டப்பட்டவை, அப்படியே பைட் பைட்டாக எழுதினாலும் கிளம்பும். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. அப்படிக் கட்டப்பட்டதில்லை. லினக்ஸுக்குப் பழகிய கை விண்டோஸுக்கும் அதையே செய்தால் பெண்டிரைவ் ஊமையாகிவிடும்.

போலிப் பெண்டிரைவ் இன்னொரு தொல்லை. 32 ஜி.பி. என்று அச்சடித்திருக்கும், உள்ளே உண்மையில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. எழுதும்போது பிழை காட்டாது, பாதியில் கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று இன்ஸ்டால் நிற்கும். அனுபவசாலிகள் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் பெண்டிரைவை வேறொரு கணினியில் செருகிப் பார்ப்பது இதனால்தான்.

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வந்தது. பழைய பயாஸின் காலம் முடியத் தொடங்கியது. இன்டெல் தொடங்கிவைத்து, 2005லிருந்து பல நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்த யூ.இ.எஃப்.ஐ. அந்த இடத்துக்கு வந்தது. இது முதல் 512 பைட்டில் இருக்கும் நிரலை இயக்குவதே இல்லை. பெண்டிரைவில் ஃபேட்32 முறையில் ஒரு பகுதி இருக்கிறதா, அதில் ‘இ.எஃப்.ஐ.’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘பூட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் அந்தப் பெண்டிரைவின் பெயரைப் பட்டியலில்கூடக் காட்டாது. ஃபேட்32வில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. விண்டோஸின் முக்கியக் கோப்பு காலப்போக்கில் அந்த அளவைத் தாண்டியது. என்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதினால் பல கணினிகளின் யூ.இ.எஃப்.ஐ.க்கு அதைப் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதற்கென்றே பெண்டிரைவின் கடைசியில் ஒரு குட்டிப் பகுதியை உருவாக்கி, என்.டி.எஃப்.எஸ். படிக்கும் நிரலை அதில் வைக்கிறது.

இதோடு கூட வந்தது செக்யூர் பூட். கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரலில் தான் நம்பும் கையொப்பம் இருக்கிறதா என்று சோதிக்கும் பூட்டு. விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுக்க வந்தது, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் சந்தைக்கு வந்த கணினிகள் நம்பியது மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தை. உபுண்டுவும் ஃபெடோராவும் ‘ஷிம்’ என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்கித் தப்பின. டெபியனுக்கு அது 2019 ஜூலையில்தான் கைகூடியது. நடுவில் இருந்த ஏழு வருடமும் டெபியன் போட விரும்பியவருக்கு நடைமுறையில் இருந்த வழி, பூட்டை அணைப்பது.

அணைப்பதும் லேசான காரியமில்லை. ஏசர் லேப்டாப்பில் எஃப்2 அழுத்தி உள்ளே போனால் செக்யூர் பூட் வரி மங்கலாக இருக்கும், தொட முடியாது. முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைக்க வேண்டும், அப்போதுதான் அந்த வரி திறக்கும். பூட்டை அணைத்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து, பாஸ்வேர்டையும் மறந்து, பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் கடைக்கு வந்தவர்கள் தனி ரகம். அதே ஏசரில் எஃப்12 பட்டியல் வேலை செய்ய, அதற்கும் பயாஸில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். எச்.பி.யில் எஃப்9. லெனோவோவின் பல மாடல்களில் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதற்குள் குண்டூசியால் அழுத்தினால் பட்டியல் வரும்.

எந்த விசையை அழுத்தினாலும் நேராக விண்டோஸுக்கே போகிறதா? விண்டோஸ் 8லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக இருக்கலாம். ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. “ஷிஃப்ட்ட புடிச்சிக்கிட்டே ரீஸ்டார்ட் குடும்மா” என்று கடைக்காரர் போனிலேயே சொல்லி முடித்துவிடும் வேலை அது.

மாநில அரசு 2014 மார்ச்சில் லினக்ஸ் பக்கம் இன்னொரு அடி எடுத்துவைத்தது. எக்ஸ்.பி.க்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் 8ல் முடியவிருந்ததால், துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று அறிவுறுத்தியது. கடைகளிலோ மக்கள் கேட்டது விண்டோஸ் 7. விண்டோஸ் 8ன் முகம் பலருக்குப் பிடிக்கவில்லை. அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை காத்திருந்தது. 2015ல் வந்த இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையில் பழைய யூ.எஸ்.பி. 2.0 கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. விண்டோஸ் 7 இன்ஸ்டாலருக்கு யூ.எஸ்.பி. 3.0 தெரியாது. பெண்டிரைவிலிருந்து கிளம்பும், முதல் திரை வரும், அங்கே வந்ததும் தான் வந்த பெண்டிரைவையே அடையாளம் தெரியாமல் ‘சி.டி. டிரைவுக்கான டிரைவர் இல்லை’ என்று கேட்டுவிட்டு நிற்கும். சி.டி.யே இல்லாத கணினியில் இந்தச் செய்தியைப் பார்த்தவர்களின் குழப்பத்தைச் சொல்லி மாளாது. இன்ஸ்டாலரைப் பிரித்து யூ.எஸ்.பி. 3.0 டிரைவரை உள்ளே தைத்துப் புதிதாகக் கட்டிய பெண்டிரைவைத்தான் கடைக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது 2017ல் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 19ல் வெளியான உபுண்டு 17.10ஐப் போட்டவர்களில் சிலர், லெனோவோ, ஏசர், தோஷிபா லேப்டாப்புகளில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். பயாஸில் எதை மாற்றினாலும் சேமிக்க மறுக்கிறது. பெண்டிரைவிலிருந்து கிளம்புவது அடியோடு நின்றுவிட்டது. லினக்ஸின் மையமான கர்னலில் இன்டெல் எஸ்.பி.ஐ. டிரைவரை இயக்கிவிட்டிருந்ததால் பயாஸ் இருக்கும் சிப் எழுத முடியாத நிலைக்குப் போனதுதான் காரணம். டிசம்பரில் உபுண்டு அந்த ஐ.எஸ்.ஓ.வைத் தன் தளத்திலிருந்து இறக்கியது, திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது. உபுண்டுவை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் புதிய கர்னலை ஏற்றித் தப்பினார்கள். வட்டை அழித்துவிட்டு வேறு எதையாவது போட நினைத்தவர்கள் நடுவழியில் மாட்டினார்கள். உள்ளே எதுவும் இல்லை, வெளியிலிருந்து எதுவும் ஏறாது. அந்த நிலைக்கு வந்த லேப்டாப்புக்கு ஒரே வைத்தியம், மூடியைத் திறந்து, மதர்போர்டில் எட்டுக் கால்களோடு அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி, வேறு கணினியிலிருந்து நேரடியாக எழுதுவது. ஓ.எஸ். போடுபவருக்கும் சிப் வேலை பார்ப்பவருக்கும் இருந்த இடைவெளி இந்த மாதிரி வேலைகளால்தான் குறைந்தது.

அரசு மடிக்கணினிகளுக்கு வயதானது. கொரோனாக் காலத்தில் விநியோகமும் தடைப்பட்டு, திட்டம் நின்றது. அக்கா வாங்கியதைத் தம்பி பயன்படுத்தினான், அவனிடமிருந்து அது செகண்ட்ஹேண்டு கடைக்குப் போனது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் இன்னும் சில வருடம் ஓடும் என்பதால், புதிதாக ஓ.எஸ். போடும் வேலை ஓயவில்லை. 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி கரை மீறியபோது ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. நனைந்த லேப்டாப்பைக் காயவைத்துக் கிளப்பிவிடலாம், ஆனால் ஈரம் பட்ட யூ.எஸ்.பி. வாயில் பச்சை பூத்திருந்தால் எந்தப் பெண்டிரைவும் வேலை செய்யாது. சாஃப்ட்வேரில் தேடுவதற்கு முன் டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது நல்ல கடைக்காரரின் பழக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. தொடக்க வருடங்களில் வந்த அரசு மடிக்கணினிகளுக்கு முறைப்படி அந்தக் கதவு மூடியாயிற்று. பிறக்கும்போதே லினக்ஸோடு வந்த அந்தக் கணினிகள் பலவற்றுக்கு இப்போது மறுபடி லினக்ஸ்தான் பாதுகாப்பான வழி. இதற்கிடையே 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக மாநில அரசு அறிவித்தது. புதிய கணினிகளில் பழைய பயாஸ் முறையே இருக்காது, செக்யூர் பூட் தொடக்கத்திலிருந்தே இருக்கும். பழைய பயாஸுக்கு மட்டும் என்று எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கும் பெண்டிரைவ்கள் அவற்றின் பட்டியலில் தலைகாட்டாது.

செக்யூர் பூட் அதற்கு முன்பே வேறு விதத்திலும் தொல்லை கொடுத்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் ஒரு அப்டேட் வந்ததும், இரண்டு ஓ.எஸ். வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் கிளம்ப மறுத்தது. பழைய ஷிம் நிரல்களை நம்பாதே என்று அந்த அப்டேட் யூ.இ.எஃப்.ஐ.க்குச் சொல்லிவிட்டிருந்தது. இரண்டு ஓ.எஸ். இருந்தால் தொடக்கூடாது என்ற ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை. பழைய லினக்ஸ் பெண்டிரைவ்களும் அதே காரணத்தால் மறுக்கப்பட்டன. அடுத்தது சான்றிதழ் மாற்றம். செக்யூர் பூட்டுக்காக 2011ல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே ஓடும் கணினிகள் அதனால் நின்றுவிடப் போவதில்லை. ஆனால் 2023ன் புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட இன்ஸ்டாலர்களைப் பெண்டிரைவில் எழுதிக்கொண்டு போனால், புதிய சாவி ஏறாத லேப்டாப் அதை ஏற்காது. அதற்கு பயாஸ் அப்டேட் வந்திருக்கிறதா என்று தயாரிப்பு நிறுவனத்தின் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டும். வரவில்லையென்றால், சாவியைக் கையால் ஏற்றுவதா, செக்யூர் பூட்டை அணைப்பதா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் எஃப்2வில் கை வைக்க வேண்டியிருக்கும்.